கீரிமலைப் பெண்கள் கேணி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. ஆயினும் மாரி தந்த நீரை அம்மண் தன்னுள்ளே பேணி வைத்திருக்கிறது. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளினூடே இறங்கிய மழைநீர், உவர்நீருக்கு மேலே மிதந்து நின்று, வடகரையிலே கீரிமலையில் நன்னீர் ஊற்றாய்ச் சுரக்கிறது. அருகே உப்புக்கடல் அலையடிக்க, மதிலுக்கு இப்பால் நன்னீர் நிறைந்திருக்கும் விந்தையை அங்கே காணலாம்.

காங்கேசன்துறை வீதியிலே சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை ஆகிய ஊர்களைக் கடந்து, மாவிட்டபுரத்தில் இடப்புறம் திரும்பிக் கீரிமலையை அடைந்தோம். கீரி முகம் கொண்ட நகுல முனிவர் இத்தீர்த்தத்தில் நீராடி முகம் மாறப்பெற்றார் என்பது ஐதிகம். குதிரை முகத்தால் வருந்திய சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி இங்கு நீராடி நலமடைந்து, மாவிட்டபுரத்தில் கந்தனுக்குக் கோயில் எடுப்பித்தாள் என்றும் கூறுவர்.

ஆண்கள் கேணி கடலை நோக்கித் திறந்து கிடக்கிறது. பெண்கள் கேணியோ மதில்களுக்குள்ளே மறைவாக அமைந்துள்ளது. நாம் சென்ற வேளையில் அங்கே நீராடியவர்களுள் பெரும்பாலார் ஐம்பதை அண்டியவர்கள். 1990ஆம் ஆண்டு போரினால் இவ்வூரை விட்டுப் பெயர்ந்தபோது அவர்கள் இளம் பெண்கள். 2009ஆம் ஆண்டு போர் முடிந்தபின் படிப்படியாக மீண்டு வந்து, புதர் மண்டிய வளவுகளைத் துப்புரவாக்கி, கிணறு இறைத்து, மறுபடியும் அடுப்பு மூட்டியவர்கள். அத்தனை பாரத்தையும் சுமந்த முழங்கால்கள் இப்போது படியிறங்கத் தயங்குகின்றன.

ஆடவர் செவி எட்டாத அவ்விடத்தில் பேச்சும் நீரைப் போலவே தடையின்றிப் பெருகியது. இரவில் திடீரென உடல் கொதித்து வியர்ப்பதாக ஒருவர் கூறினார். உறக்கமின்மையை மற்றொருவர் சொன்னார். மூன்றாமவர் குரலைத் தாழ்த்தி, மாதவிடாய் நின்று இரண்டு ஆண்டுகள் கழிந்தபின் மீண்டும் உதிரம் காண்பதாகவும், அதை வீட்டில் எவருக்கும் கூறவில்லை என்றும் சொன்னார்.

அருகிலிருந்த முதியவர் ஒருவர் உடனே, "பிள்ளை, இது தீர்த்தமாடித் தீருகிற காரியமில்லை. நாளைக்கே டாக்குத்தரிட்டைப் போ. துணைக்கு ஆளில்லையெண்டால் நான் வாறன்" என்றார். அந்தப் பெண் சிறிது நேரம் பேசாதிருந்து, "சரி மாமி, போவம்" என்றார்.

முதியவர் கூறியது முற்றிலும் சரியே. பெரும்பாலான பெண்களுக்கு 45 முதல் 55 வயதுக்குள் மாதவிடாய் நிற்கிறது. உடல் வெப்பமும் வியர்வையும் அக்காலத்து இயல்புகள். அவை மிகுந்து வருத்தினால் அவற்றுக்கும் மருத்துவம் உண்டு. ஆனால், நின்று ஓராண்டு கடந்தபின் உதிரம் சிறிதளவேனும் தோன்றினால் அதனை அலட்சியம் செய்தலாகாது. பல வேளைகளில் காரணம் சிறியதாயிருக்கலாம். சில வேளைகளில் அது கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறி. காலத்தோடு கண்டால் அதுவும் பெரும்பாலும் குணமாகக் கூடியதே. புற்றுநோய்க்குச் சிகிச்சையளிக்கும் வைத்தியசாலை, நாம் கடந்து வந்த தெல்லிப்பழையிலேயே இருக்கிறது.

நோய் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ், 1996ஆம் ஆண்டு முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெற்று வருகின்றன. 35 வயதைக் கடந்த பெண்கள் அங்கே இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியவற்றை இலவசமாகப் பரிசோதித்துக் கொள்ளலாம்.

மாதவிடாய் நின்றபின் எலும்பின் வலிமை விரைந்து குறைவதால், உணவிலும் கருத்து வேண்டும். குரக்கன் பிட்டும் முருங்கையிலை வறையும் எள்ளுருண்டையும் முள்ளோடு உண்ணும் நெத்தலியும் நம் அடுக்களைக்குப் புதியவையல்ல. பிள்ளைகளுக்கும் கணவருக்கும் பரிமாறியபின் எஞ்சியதை உண்ணும் வழக்கமே மாற வேண்டியது. நாள்தோறும் சிறிது தூரம் நடத்தலும் எலும்புக்கு உரம் தரும்.

மாருதப்புரவீகவல்லியின் கதையிலே நாம் எளிதில் மறந்துவிடும் செய்தி ஒன்றுண்டு. தன் பிணியை அவள் முக்காட்டுக்குள் மறைத்து அரண்மனையிலே முடங்கிக் கிடக்கவில்லை. பரிகாரம் தேடிக் கடல் கடந்து வந்தாள். நம் தாய்மாரும் தமக்கையரும் கடக்க வேண்டியது கடலன்று, வீட்டு வாசற்படி மாத்திரமே. அவர்களோடு துணைக்குச் செல்லுதல் வீட்டிலுள்ள மற்றையோரின் கடமையாகும்.