கிளிஞ்சல் சுடும் காளவாய்

கடலோரத்து ஊர் அது. காளவாய் ஆளுயரத்துக்கு நின்றது. வட்டமான செங்கல் சுவர், அடியில் காற்றுக்குத் துளை. ஒரு அடுக்கு மரக்கரி, அதன்மேல் ஒரு அடுக்கு கிளிஞ்சல், மறுபடி கரி என்று வாய்வரை நிரப்பியிருந்தார்கள். முன்பெல்லாம் துருத்தி ஊதினார்களாம். இப்போது மோட்டார் விசிறி. செட்டிநாட்டுப் பழைய வீடுகளைச் செப்பனிடுகிறவர்கள் இன்னும் இந்தக் கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தேடி வருகிறார்கள்.

பத்தாம் வகுப்புக்கு வேதியியல் நடத்துகிறவள் நான். வெப்பச்சிதைவு வினை என்றதும், சூடுபட்ட எல்லாவற்றையும் பிள்ளைகள் அந்தக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். மெழுகு உருகும்போது புதுப்பொருள் எதுவும் உண்டாவதில்லை. அதுகூட விடைத்தாளில் வந்துவிடுகிறது. காளவாய்க்குள் இரண்டு வினைகள் பக்கத்தில் பக்கத்தில் நடக்கின்றன. கரி ஆக்சிஜனோடு சேர்ந்து எரிகிறது, வெப்பம் தருகிறது. சிதைவது கிளிஞ்சல். அதிலுள்ள கால்சியம் கார்பனேட் வேறெதனோடும் சேராமல், 900 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் கால்சியம் ஆக்சைடாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிகிறது. போனது ஒரு பொருள், வந்தது இரண்டு, நடுவில் கொடுத்தது வெப்பம் மட்டும். அடையாளம் கண்டுகொள்ள இது போதும்.

“வெந்துடுச்சுன்னு எப்படிண்ணே தெரியும்?” என்று காளவாயில் வேலை பார்க்கும் அண்ணனிடம் கேட்டேன்.

பதிலுக்குப் பச்சைக் கிளிஞ்சல் ஒன்றை என் இடது கையிலும், சுட்டு ஆறியதை வலது கையிலும் வைத்தார். இரண்டும் ஒரே அளவு. சுட்டதில் வரிகள்கூட அழியவில்லை. நிறம் மட்டும் வெளுத்திருந்தது. எடைதான் இல்லை.

“தக்கையா இருக்குல்ல டீச்சர்? கனத்துச்சுன்னா நடுவுல வேகலைன்னு அர்த்தம். திரும்பப் போட்டுருவோம்.”

100 கிலோ கால்சியம் கார்பனேட் முழுதாகச் சிதைந்தால் மிஞ்சுவது 56 கிலோ. பாக்கி 44 கிலோ வாயுவாகப் போய்விடுகிறது. அந்த வாயுவைத் தராசை வைத்துத் துரத்திப் பிடித்தவர் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக். 1756-ல் தன் ஆய்வை வெளியிட்டார். அவர் தராசில் பார்த்த குறைவை இந்த அண்ணன் உள்ளங்கையிலேயே பார்க்கிறார். வாயு வெளியேற வழியில்லாமல் அடைத்துவிட்டால் சிதைவு பாதியில் நின்றுபோகும். காளவாயின் வாய் திறந்திருப்பது அதற்காகவும்தான். வெளியேறும் வாயு மூச்சில் ஏறாமலிருக்க, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று பார்த்துத்தான் ஆட்கள் அருகே போகிறார்கள்.

அடுத்து, சுட்ட கிளிஞ்சல் குவியலில் தண்ணீர் தெளித்தார்கள். சீறிக்கொண்டு ஆவி கிளம்பியது. கிளிஞ்சல்கள் வெடித்து மாவாக உதிர்ந்தன. பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். உதிர்வதைப் பார்த்துச் சிதைவு என்று எழுதுவார்கள். ஆனால் சுட்ட சுண்ணாம்பான கால்சியம் ஆக்சைடும் தண்ணீரும் சேர்ந்து கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற ஒரே பொருளாகின்றன. வெப்பமும் வெளியே வருகிறது. இது சேர்க்கை வினை.

அந்த மாவைச் சலிப்பது பெண்கள். முந்தானையால் மூக்கை மூடிக் கட்டியிருந்தார்கள், கண்ணுக்கு ஒன்றுமில்லை. “எரியும், பழகிப்போச்சும்மா” என்றார் ஓர் அக்கா. பழகக்கூடிய எரிச்சல் அல்ல அது. அந்தக் காரத்தூள் ஈரமான கண்ணில் பட்டால் விழியையே அரிக்கும். பட்ட உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவியாக வேண்டும். தண்ணீர்த் தொட்டியோ நீற்றுகிற குவியலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. சலிக்கிற இடத்தில் ஒரு குழாயும், ஆளுக்கொரு பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டுமென்று காளவாய்க்காரரிடம் கேட்டேன். பார்க்கலாம் என்றார்.