படி இறங்கும்போது எந்தக் கால் முதலில்?

டூரில் கால் பிசகுவதற்கு மலை ஏற வேண்டியதில்லை. பஸ்ஸின் கடைசிப் படி போதும். லாட்ஜ் பாத்ரூமின் டைல்ஸ் போதும். ராத்திரி விளக்கைப் போடாமல் எழுந்திருப்பவருக்குக் கட்டில் கால் போதும், சுண்டுவிரல் அதில்தான் போய் இடிக்கும். கோயில் ஊர்களுக்கும் அருவிகளுக்கும் குழுக்களை அழைத்துப் போவது என் பிழைப்பு. செங்குத்தான படிக்கட்டில் எல்லோரும் தரையைப் பார்த்துத்தான் நடக்கிறார்கள். ஏறி முடித்து, இறங்கி, டீக்கடையைத் தேடிப் போகும்போதுதான் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி காலை எங்கேயோ வைக்கிறார்கள்.

ஊருக்கு ஊர் கால் கெடும் விதம் மாறும். குற்றாலத்தில் முன்பெல்லாம் எண்ணெய்தான் எதிரி. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துவிட்டு அருவிக்குப் போகும் வழக்கம் இருந்ததே, அந்த எண்ணெய் உள்ளங்காலிலும் இருக்கும். பாறையில் பாசி, காலில் எண்ணெய். தேய்க்கிறவரிடம் "பாதத்த மட்டும் விட்டுருங்க அண்ணே" என்று சொல்லிவிட்டால் பாதி ஆபத்து குறைந்துவிடும். திருவண்ணாமலையில் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். வழக்கமாகச் செருப்போடு திரிகிறவர்கள் அன்று மட்டும் வெறுங்காலில் நடப்பார்கள், பாதி வழியிலேயே கொப்புளம் வந்துவிடும். டூருக்கென்று புது ஷூ வாங்கி வருகிறவர்களுக்கு அதுகூட வேண்டாம், முதல் நாள் சாயங்காலமே குதிகாலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

ராமேஸ்வரம் தனி ரகம். அக்னி தீர்த்தத்தில் கடலாடிவிட்டு, ஈரத் துணியோடு கோயிலுக்குள் போய் 22 தீர்த்தங்களிலும் குளிக்க வேண்டும். கிணற்றுச் சுவரில் நின்று வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். ஒரு கிணற்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் தரையெல்லாம் தண்ணீர். பெண்களுக்கு ஈரப் புடவை காலோடு ஒட்டிக்கொள்வதால் நடையின் அகலம் குறைந்துவிடும், படியைத் தாண்ட வேண்டிய இடத்தில் கால் தேவையான உயரத்துக்கு எழாது. பின்னால் வரும் கூட்டமோ நெருக்கிக்கொண்டே இருக்கும்.

அப்படி ஒரு கிணற்றடியில்தான் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்குக் கால் பிரண்டது. குழு முழுக்க அவரை 'டீச்சர்' என்றுதான் கூப்பிட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் எழுந்து நின்றுவிட்டார். முகம் மட்டும் வெளுத்திருந்தது.

"ஒண்ணுமில்ல தம்பி, லேசாப் பெசகிருச்சு. நீங்க மத்தவங்களப் பாருங்க."

கூட வந்த நாத்தனார் விடவில்லை. "அப்பவே சொன்னேன் அண்ணி, புடவையத் தூக்கிச் சொருகிக்குங்கன்னு. கேட்டாத்தானே!"

இந்த இடத்தில் எனக்கு முதல் வேலை கால் இல்லை, நாத்தனார்தான். அடிபட்டவரின் காதில் குற்றப்பத்திரிகை வாசிக்க ஒருவர் பக்கத்தில் நின்றால், அடிபட்டவர் உண்மையைச் சொல்ல மாட்டார். வலியை மறைத்துக்கொண்டு நடந்து காட்டத்தான் பார்ப்பார். "அக்கா, வண்டிக்குப் போய் டீச்சரோட மாத்துப் புடவைய எடுத்துட்டு வந்துருங்க" என்று அனுப்பிவிட்டு, டீச்சரை ஈரமில்லாத இடமாகப் பார்த்து உட்கார வைத்தேன். கொஞ்ச நேரம் எதுவும் கேட்கவில்லை. அடிபட்ட உடனே கேட்டால் ஒன்று 'உயிர் போகுது' என்பார்கள், இல்லையென்றால் 'ஒண்ணுமில்ல' என்பார்கள். இரண்டையும் நம்ப முடியாது.

அப்புறம் பார்க்க வேண்டியதைப் பார்த்தேன். 1992இல் கனடாவின் ஆட்டவா நகர மருத்துவர்கள் ஒரு விதி வெளியிட்டார்கள். கால் பிசகி வருகிற எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுக்காமல், யாருக்கு வேண்டும் என்று பிரித்தறிவதற்கான விதி அது. கணுக்காலின் இரண்டு பக்கமும் புடைத்திருக்கும் எலும்பின் பின் விளிம்பிலோ நுனியிலோ அழுத்தினால் வலிக்கிறதா? பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலுக்கு நேர் பின்னால், நடுவாக்கில் தட்டுப்படும் எலும்பில் வலியா? உட்புற வளைவுக்கு மேலே உள்ள எலும்பில் வலியா? அடிபட்டதும் நாலு அடி வைக்க முடிந்ததா, இப்போதும் முடிகிறதா? வலி இந்த எலும்புகளில் ஏதாவது ஒன்றில் இருந்தாலும், நாலு அடி வைக்க முடியாவிட்டாலும் எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும். நான் மருத்துவன் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடக் கூடாதவர் யார் என்று தெரிந்துகொள்ளத்தான் இதை வைத்திருக்கிறேன்.

"என்னப் புடிக்காம நாலு அடி வைங்க டீச்சர், பாப்போம்."

வைத்தார். தாங்கித் தாங்கித்தான் நடந்தார், ஆனால் நடந்தார். எலும்பில் வலி இல்லை. வெளிப்பக்கக் கணுக்காலுக்குச் சற்று முன்னால், கீழே, மெத்தென்ற இடத்தில் தொட்டபோதுதான் காலை இழுத்துக்கொண்டார். பாதம் உள்பக்கமாக மடங்கும்போது முதலில் இழுபடும் தசைநார் அங்கேதான் இருக்கிறது. பெரும்பாலான சுளுக்குகள் அந்த இடத்துச் சுளுக்குகளே.

இங்கே ஒரு எச்சரிக்கை. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களிடம் இந்தச் சோதனை செல்லாது. எலும்பு உடைந்திருந்தாலும் அவர்கள் நடந்துவிடுவார்கள், வலிக்கவில்லை என்று உண்மையாகவே சொல்வார்கள். அவர்களுக்குச் சின்ன அடியே ஆனாலும் நேராக மருத்துவரிடம்தான். மத்தியான வெயிலில் பிராகாரத்துக் கல்லில் நடந்துவிட்டு, ராத்திரி காலைக் கழுவும்போதுதான் கொப்புளத்தைக் கண்டுபிடிப்பவர்களும் அவர்களே. பல கோயில்களில் தேங்காய்நார் விரிப்பும் வெள்ளைப் பெயிண்டும் போட்டிருக்கிறார்கள், ஆனால் அவை எல்லா இடத்துக்கும் எட்டுவதில்லை. என் பையில் எப்போதும் பருத்திச் சாக்ஸ் இருக்கும், கோயிலில் அனுமதி இருந்தால் போட்டுவிடுவேன். தினமும் தூங்கப்போகும் முன் உள்ளங்காலை வீட்டார் ஒருவர் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும் என்பது என் குழுவில் சட்டம். கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

டீச்சருக்கு வருவோம். ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி, கவரில் போட்டு நொறுக்கி, ஈரத் துண்டில் சுற்றி, வீங்கிய இடத்தில் கால்மணி நேரம். ஐஸை நேரே தோலில் வைக்கக் கூடாது. ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் சேர்த்து 1978இல் ஒரு புத்தகத்தில் பரப்பியவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். 2014இல் அவரே, ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதினார். ஆகவே நான் ஐஸை மருந்தாக நினைப்பதில்லை. வலி அடங்குவதற்கு வைக்கிறேன், அவ்வளவுதான். டூரில் வலி அடங்கினால்தான் அடிபட்டவர் நிதானமாக யோசிப்பார்.

ஐஸுக்கு அப்புறம் கிரேப் பேண்டேஜ். மெடிக்கல் ஷாப்பில் பத்து சென்டிமீட்டர் அகலத்தில் கேட்டு வாங்க வேண்டும். விரல்களை வெளியே விட்டுவிட்டு, பாதத்தில் தொடங்கி, பாதத்தின் மேலே குறுக்காகப் போய்க் கணுக்காலைச் சுற்றி, திரும்பவும் பாதத்துக்கு அடியில் வந்து, எட்டுப் போட்ட மாதிரி மேலேறிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூட வேண்டும். கட்டி முடித்ததும் கால் நகத்தை அழுத்திவிட்டு விரலை எடுத்தால், வெளுத்த நிறம் உடனே பழையபடி சிவக்க வேண்டும். விரல் மரத்தாலோ நீலம் பூத்தாலோ கட்டு இறுக்கம், அவிழ்த்துக் கட்டுங்கள். தூங்கும்போது கழற்றிவிட்டு, காலைத் தலையணை மேல் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த நேரத்தில் குழுவில் ஒருவர் கட்டாயம் வருவார். இந்தத் தடவை வந்தவர் பின் சீட்டுப் பெரியவர். கையில் தைலப் பாட்டில். "நான் ஒரு நீவு நீவுனா போதும் தம்பி, சுளுக்கு எடுபட்டுரும்." நல்ல மனசுதான். ஆனால் முதல் இரண்டு நாள் நீவினாலும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாலும் வீக்கம் ஏறத்தான் செய்யும். பெரியவரைப் புண்படுத்தாமல், "ஐயா, மூணாம் நாள் உங்ககிட்டயே விடுறேன்" என்றேன். இன்னொருவர் புத்தூர் கட்டுக்குப் போகலாம் என்றார். ராமேஸ்வரத்தில் இருந்துகொண்டு ஆந்திராவின் புத்தூர்! எலும்பு உடைந்ததா இல்லையா என்று தெரியாமல் யாரிடமும் கட்டுக்குப் போகக் கூடாது என்பதில் எனக்குச் சமரசம் கிடையாது.

வலி மாத்திரையிலும் அப்படித்தான். கூட வருகிறவர்கள் அவரவர் பையிலிருந்து ஆளுக்கொன்று எடுத்து நீட்டுவார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், அல்சர் உள்ளவர்கள் அதை வாங்கிப் போட்டுக்கொண்டால் சுளுக்கைவிடப் பெரிய வம்பு வரும். அதனால் கிளம்பும் முன்பே ஒவ்வொருவரும் சாப்பிடும் மருந்துகளை எழுதி வாங்கி வைத்துக்கொள்கிறேன். கல்லோ ஆணியோ சிப்பியோ கிழித்த காயமாக இருந்தால் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு டெட்டனஸ் ஊசிக் கணக்கைக் கேட்பேன். அழுக்குப் பட்ட காயத்தில், கடைசி ஊசி போட்டு ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் மறுபடி போட வேண்டும். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. தானாக உடைந்தாலும் மேல்தோலைப் பிய்க்காமல் கழுவி மூடிவிட வேண்டும். கட்டிலில் இடித்த சுண்டுவிரலை, நடுவில் கொஞ்சம் பஞ்சுத் துணி வைத்துப் பக்கத்து விரலோடு சேர்த்து ஒட்டினால் நடக்க முடியும். விரல் கோணியிருந்தால் மட்டும் ஒட்டாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வைத்தியம் இவ்வளவுதான். மிச்சமெல்லாம் பயணத் திட்டத்தை மாற்றும் வேலை. என் தொழிலில் உண்மையான திறமை அங்கேதான் தேவைப்படுகிறது. டீச்சர் இன்னும் எல்லாத் தீர்த்தமும் ஆடி முடிக்கவில்லை. கணவருக்குத் திதி கொடுக்க வந்தவர். 'நீங்க இங்கயே உக்காருங்க' என்று சொல்வது எளிது, ஆனால் அதற்காகவா இவ்வளவு தூரம் வந்தார்? மீதிக் கிணறுகளின் தண்ணீரை நாத்தனார் பாட்டிலில் பிடித்து வந்து அண்ணியின் தலையில் தெளித்தார். குற்றப்பத்திரிகை வாசித்த அதே நாத்தனார்தான். கையில் ஒரு வேலை கொடுத்ததும் வாய் ஓய்ந்துவிட்டது. "இது போதும் தம்பி" என்றார் டீச்சர். போதுமா என்று நான் கேட்கவே இல்லை.

மறுநாள் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர். முன்பெல்லாம் மணலில் வேன் குதித்துக் குதித்துப் போகும், சுளுக்கிய காலோடு அதில் உட்காரவே முடியாது. 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்த பிறகு முனைவரை வண்டியிலேயே போகலாம். ஓட்டுநர் அண்ணனிடம், டீச்சரின் ஜன்னல் கடலைப் பார்க்கும்படி வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஓட்டுநருக்குப் பின்னாலுள்ள இரட்டை சீட்டு முழுவதும் அவருக்கே, கால் நீட்டிக்கொள்ள. சீட்டில் உட்கார்ந்தபடியே பாதத்தை வலி பொறுக்கும் அளவுக்கு மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே வரச் சொன்னேன். காலைத் தொங்கப்போட்டு அசையாமல் பல மணி நேரம் வந்தால் வீக்கம் கூடும். கெண்டைக்காலில் புதிதாக வலியோ வீக்கமோ வந்தால் அது வேறு விஷயம், ரத்தக் கட்டியாக இருக்கலாம், உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மலைக்கோயில்கள் வரும் டூராக இருந்தால் முந்தின நாளே போனில் விசாரிப்பேன். பழனியில் விஞ்ச்சும் ரோப் காரும் இருக்கின்றன, ஆனால் ரோப் காரைப் பராமரிப்புக்காக நிறுத்தும் நாட்களும் உண்டு. சோளிங்கரில் 1,305 படி ஏற முடியாமல் அடிவாரத்திலேயே கும்பிட்டுத் திரும்பியவர்கள் நிறையப் பேர், 2024இல் ரோப் கார் வந்த பிறகு அந்தக் கவலை குறைந்துவிட்டது. ஸ்ரீரங்கத்தில் பேட்டரி கார் உண்டு. பெரிய கோயில்கள் பலவற்றில் வீல்சேர் கேட்டால் தருவார்கள். கேட்கத்தான் ஆளில்லை. வீல்சேரில் உட்காரச் சொன்னால் நம் ஆட்களுக்கு மானம் போய்விடுகிறது. அதனால் நானே முதலில் போய், வீல்சேரைத் தள்ளிக்கொண்டு வந்து எதிரே நிறுத்திவிடுவேன். வந்து நின்றுவிட்ட வண்டியை யாரும் திருப்பி அனுப்புவதில்லை.

படியைத் தவிர்க்கவே முடியாத இடங்களும் உண்டு. அங்கே கைத்தடியை அடிபட்ட காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பலரும் அடிபட்ட பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு இன்னும் சாய்ந்து நடக்கிறார்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். எல்லாப் படியிலும் இதே வரிசை, இரண்டு காலும் ஒரே படியில் சேர்ந்த பிறகுதான் அடுத்த படி.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். குழுவோடு போகும்போது கால் மடங்கினால், 'மத்தவங்களுக்குத் தொந்தரவு' என்று நினைத்து மறைக்காதீர்கள், கூட வரும் மேனேஜரிடம் அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அப்போது சொன்னால் சீட்டு மாற்றலாம், வீல்சேருக்குச் சொல்லிவைக்கலாம், மறுநாள் முதலில் போக வேண்டிய மலையை மூன்றாவது நாளுக்குத் தள்ளலாம். விடியற்காலை ஐந்து மணிக்கு, லக்கேஜெல்லாம் ஏற்றிய பிறகு சொன்னால், உங்களை லாட்ஜ் அறையில் விட்டுவிட்டுப் போவதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்காது.