சாம்பல் பூத்த தட்டுகள்

பழைய 78 ஆர்.பி.எம். தட்டு எது கைக்கு வந்தாலும் முதலில் விளக்கடியில் சாய்த்துப் பார்ப்பேன். கன்னங்கரேலென்று மின்னினால் அதிகம் ஓடாதது. சாம்பல் பூத்திருந்தால் ஆடித் தீர்த்தது. நான் சேர்ப்பது வெஸ்டர்ன் ஸ்விங்; 1930களில் டெக்சாஸ், ஓக்லஹோமா நடனக் கூடங்களில் கிராமத்துப் பிடிலும் ஜாஸும் கலந்து பிறந்த ஆட்ட இசை. இதில் சாம்பல்தான் அதிகம். விற்காத பாட்டு புதுசுபோலக் கிடைக்கும். இந்த இசையின் நட்சத்திரமான பாப் வில்ஸின், ஊரே ஆடிய பாட்டை ஜூக்பாக்ஸின் எஃகு ஊசி உழுது தீர்த்திருக்கும்.

தேய்ந்ததென்று தள்ளிவிட வேண்டாம். வரிப்பள்ளத்தின் சுவர் முழுக்கத் தேய்வதில்லை, பழைய ஊசி உரசிய மட்டம்தான் போயிருக்கும். 78க்கு எல்.பி. ஊசியைப்போல மூன்று மடங்கு பருமன் வேண்டும். அதிலேயே சற்றுப் பெரிது, சற்றுச் சிறிது என்று மாற்றிப் போட்டால், ஏதாவதொன்று தேயாத இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இரைச்சலுக்குள் கிடந்த வில்ஸ் அப்போது வெளியே வருவார். பாட்டு நடுவே 'ஆஹா' என்று கீச்சுக் குரலில் கூவி, அடுத்து வாசிக்கப்போகிறவரைப் பேர் சொல்லி அழைப்பார், கச்சேரியில் சபாஷ் போடுகிற மாதிரி. இந்தக் கூவலுக்காகவே தட்டு தேடுகிறவர்கள் உண்டு.

ஆனால் என் காதுக்கு ஆரம்பகால வில்ஸைவிட ஃபோர்ட் வொர்த் பாடகர் மில்டன் பிரவுன் ஒரு படி மேல். சக சேகரிப்பாளர்கள் சண்டைக்கு வரட்டும். 1935 ஜனவரியில் சிகாகோவில் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்துக்காக அவர் குழு பதிந்தபோது, குழுவிலிருந்த பாப் டன் ஸ்டீல் கிட்டாரை மின்சாரத்தில் வாசித்தார். கன்ட்ரி இசைத்தட்டில் மின் கிட்டார் ஒலித்தது அதுதான் முதல் தடவை என்பது கணக்கு. டன் டிராம்போனும் வாசித்தவர். கிட்டாரிலும் மூச்சு வாங்கி ஊதுகிறவரைப்போல வெட்டி வெட்டித்தான் வாசிப்பார். 1936இல் கார் விபத்தில் அடிபட்டு பிரவுன் இறந்தார். அதன்பின் களம் வில்ஸுடையது.

இந்தத் தட்டுகளில் நம் நாட்டுச் சரக்கும் உண்டு. தட்டைக் கெட்டிப்படுத்தும் அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே போயிற்று. 1942இல் போரால் அரக்குக்குத் தட்டுப்பாடு வர, அமெரிக்காவில் பழைய தட்டுகளைச் சேகரித்து அரைத்துப் புதுத் தட்டுக்குப் போட்டார்கள். அதில் எத்தனை பிரவுன் போனாரோ!

அரக்கு என்பதால் ஒரு வார்த்தை. பரணில் எந்த 78 கிடைத்தாலும் ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், கரைந்துவிடும். லேபிள் நனையாமல், லேசாகச் சோப்பு கலந்த தண்ணீரும் மெத்தென்ற பிரஷும் போதும்.