தட்டு நிறைய சினிமா!

‘டிஸ்க்கா... இந்தக் காலத்துலயா?’ - என் கலெக்‌ஷனைப் பார்க்கிற ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் கேட்கிற முதல் கேள்வி இதுதான். ரெண்டாவது கேள்வி, ‘போட்டுப் பார்க்க பிளேயராச்சும் இருக்கா?’ இருக்கு பாஸ்! செகண்ட் ஹேண்டில் 900 ரூபாய்க்கு வாங்கினது. மூணு வருஷத்தில் சேர்த்தது 212 தட்டு. எல்லாம் கேன்டீன் பஜ்ஜியைத் தியாகம் பண்ணிச் சேர்த்த சொத்து!

‘அதான் ஓ.டி.டி. இருக்கே’ன்னு நீங்க சொல்றது கேட்குது. ஆனா, அங்கே நாம வீட்டு ஓனர் இல்லீங்க, வாடகைக்கு இருக்கோம். ஒப்பந்தம் முடிஞ்சா படமும் கிளம்பிடும். 2020 ஜனவரி 1-ம் தேதி அமெரிக்க நெட்ஃப்ளிக்ஸிலிருந்து ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரின் 236 எபிசோடும் மொத்தமா மூட்டை கட்டின கதை தெரியும்தானே? இத்தனைக்கும் அந்த நெட்ஃப்ளிக்ஸே 1998-ல் தபாலில் டி.வி.டி. வாடகைக்கு அனுப்பித்தான் தொழிலை ஆரம்பிச்சது. அந்த சேவையை 2023 செப்டம்பரில் நிறுத்திட்டாங்க.

நம்ம ஊரில் 2007-ல் மோசர் பேயர் ஒரிஜினல் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும், டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் இறக்கினப்போ, நான் பிறந்திருந்தேனான்னே சந்தேகம்! அந்த கம்பெனி இப்போ இல்லை. அது விட்டுட்டுப் போன தட்டுகள்தான் என் அலமாரியில் பாதி. மூடப்போற ஒரு வாடகை சி.டி. கடையில் எடைக்குப் போட வெச்சிருந்த சாக்கிலிருந்து பொறுக்கினேன்.

இதெல்லாம் யாருக்காக? எனக்காக மட்டும்னு சொன்னா பொய். எங்க அப்பா கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு தியேட்டரில் 22 வருஷம் ஆபரேட்டர். 2013-ல் அந்த தியேட்டர் கல்யாண மண்டபம் ஆயிடுச்சு. அப்பா இப்போ ஒரு மில்லில் வாட்ச்மேன். அதுக்கப்புறம் அவர் முழுசா ஒரு படம் பார்த்து நான் பார்த்ததே இல்லை. செல்போனில் போட்டுக் கொடுத்தா, ‘இதுல என்ன கண்ணு தெரியுது?’ன்னு திருப்பிக் கொடுத்துடுவார்.

ஒரு வி.சி.டி.யில் 74 நிமிஷம்தான் பிடிக்கும். அதனால் நம்ம தமிழ்ப் படத்துக்கு ரெண்டு, சமயத்தில் மூணு தட்டு. நமக்கு அது தொல்லை. அப்பாவுக்கு அதுதான் சுவாரஸ்யமே! முதல் தட்டு முடியறதுக்கு முன்னாடியே அடுத்ததைக் கையில் எடுத்துட்டு ரெடியா நிற்பார், ரீல் மாத்தின காலத்து ஞாபகத்தில். இப்போ நைட் டூட்டி இல்லாத நாளில் எங்க வீட்டில் செகண்ட் ஷோ உண்டு. ஆபரேட்டர் அவரேதான்!

ஒருநாள் கேட்டார், ‘இது எத்தன வருசம் தாங்கும் கண்ணு?’

ஈ.சி.ஈ. படிக்கிற புள்ளையாச்சே, விடுவேனா! ரீட், சாலமன்னு ரெண்டு பேர் 1960-ல் கண்டுபிடிச்ச எரர் கரெக்‌ஷன் கோடுதான் தட்டில் கீறல் விழுந்தாலும் படத்தைக் காப்பாத்துது. எக்ஸாமுக்காக மட்டும் படிச்ச சப்ஜெக்ட், அன்னிக்குத்தான் வீட்டுக்குள்ளே வந்துச்சு. அந்த கோடுக்கும் ஒரு லிமிட் உண்டு. அதனால் கலெக்‌ஷன் ஆரம்பிக்கிறவங்களுக்கு என் சிலபஸ் இதோ...

வாங்கும்போது தட்டைத் திருப்பிப் பாருங்க. அடிப்பக்கம் வெள்ளி நிறமா இருந்தா, பெரும்பாலும் கம்பெனியில் அச்சடிச்சது. ஊதா, நீலம் அடிச்சா அது யாரோ ரைட் பண்ணின காப்பி. அதில் இருக்கிற சாயம் வெயிலிலும் சூட்டிலும் சீக்கிரம் போயிடும்.

துடைக்கும்போது வட்டமாச் சுத்தாதீங்க. நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோடா இழுங்க. வட்டக் கீறல், டேட்டா போற வழியிலேயே நீளமா விழும். கரெக்‌ஷன் கோடு திணறிடும்.

சி.டி., வி.சி.டி.யில் டேட்டா இருக்கிறது லேபிள் பக்கத்துக்கு ரொம்பக் கிட்டே. மேல்பக்கம் கீறினால்தான் ஆபத்து அதிகம். டி.வி.டி.யில் ரெண்டு தகட்டுக்கு நடுவில் பத்திரமா இருக்கும்.

ஒண்ணு மேல ஒண்ணா அடுக்காம, புக் மாதிரி நிற்க வைங்க. ஒரு நோட்டில் நம்பர் போட்டு எழுதுங்க. எங்க வீட்டு நோட்டு அப்பா கையெழுத்தில் இருக்கு, எந்தப் படத்துக்கு எத்தனை தட்டுங்கிற கணக்கோட.

1931-ல் வந்த நம்ம முதல் பேசும் படம் ‘காளிதாஸ்’. இன்னிக்கு அதோட ஒரு பிரின்ட்கூட எங்கேயும் கிடைக்கலை. யாரோ பத்திரமா வெச்சிருப்பாங்கன்னு எல்லாருமே நினைச்சிருப்பாங்களோ என்னவோ!

இந்த லீவுக்கு ஊருக்குப் போனா, பரண் மேல இருக்கிற அந்த அட்டைப்பெட்டியை இறக்கிப் பாருங்க மக்களே. பழைய இரும்பு, பேப்பர்காரர் நமக்கு முன்னாடி வந்துடப் போறார்!