ரூபாய் நோட்டில் யார் முதலில்?

பர்ஸில் ஒரு நூறு ரூபாய் நோட்டு இருக்கிறதா? (மாதக் கடைசி என்றால் பத்து ரூபாயும் போதும்!) பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஒரு சின்னக் கட்டத்துக்குள் 15 மொழிகள் வரிசையாக இருக்கும். தமிழ் எத்தனையாவது? எண்ணாமல் சொல்ல முடிந்தால் பாராட்டுக்கள்.

விடை: 13. தமிழுக்குக் கீழே தெலுங்கும் உருதுவும் மட்டும்தான். கோபப்பட வேண்டாம், இதில் அரசியல் எதுவும் இல்லை. மொழிகளின் பெயரை ஆங்கிலத்தில் எழுதி, அந்த அகர வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அஸ்ஸாமி முதலில் வரும், உருது கடைசியில் வரும். முன்பக்கம் உள்ள இந்தியையும் ஆங்கிலத்தையும் சேர்த்தால் மொத்தம் 17 மொழிகள்.

தமிழ் எழுத்து உள்ள பணம் இந்தியாவில் மட்டும்தானா என்றால், இல்லை. இலங்கை நோட்டில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் உண்டு. சிங்கப்பூர் நோட்டில் நாட்டின் பெயர் தமிழிலும் இருக்கும். இந்த மூன்றும் பலருக்குத் தெரிந்திருக்கும். நான்காவது நாடுதான் க்விஸ் போட்டிகளில் ஆளைக் கவிழ்க்கும். அது மொரீஷியஸ்!

இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே இருக்கும் குட்டித் தீவு. அங்கேயும் பணத்தின் பெயர் ரூபாய்தான். அந்த நோட்டில் தமிழ் எழுத்து மட்டுமல்ல, தமிழ் எண்களும் உண்டு. ௧, ௨, ௩ என்று போகுமே, அதேதான். இங்கே தமிழ்நாட்டில் நம்மில் பலரால் ௭ எது, ௯ எது என்று சட்டென்று சொல்ல முடியாது. அங்கே அது சட்டைப்பையில் சுற்றுகிறது. (தமிழ் எண்ணில் 8 பார்க்க 'அ' மாதிரி இருக்கும், கால் என்பதற்கான குறி 'வ' மாதிரி இருக்கும். எட்டேகால் என்று எழுதினால் 'அவ' என்று வரும். இதை வைத்து ஔவையார் ஒருவரை 'அவலட்சணம்' என்று திட்டியதாகக் கதை உண்டு. திட்டுவதற்குக் கணக்குத் தெரிய வேண்டிய காலம்!)

இனிதான் முக்கியமான விஷயம். மொரீஷியஸ் நோட்டில் முதலில் ஆங்கிலம், அடுத்து தமிழ், அதற்குக் கீழே இந்தி என்பதுதான் பழைய வரிசை. 1998-ல் புதிய நோட்டுகள் வெளியிட்டபோது ஆங்கிலம், இந்தி, தமிழ் என்று மாற்றிவிட்டார்கள். ஒரே ஒரு வரிதான் கீழே இறங்கியது. ஆனால் தமிழர்கள் சும்மா இருக்கவில்லை. தீவு பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த 18-ம் நூற்றாண்டிலேயே புதுச்சேரிப் பக்கமிருந்து கைவினைஞர்களாகப் போனவர்கள் அவர்கள். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கப்பல் கப்பலாகக் கொண்டுபோனது 1834-க்குப் பிறகுதான். முதலில் வந்தவர்களின் மொழி ஏன் பின்னால் போக வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. அங்கே எண்ணிக்கையில் அதிகம் போஜ்புரி, இந்தி வழி வந்தவர்கள். அதனால் பிரச்சினை சூடுபிடித்தது. கடைசியில் அச்சடித்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். 1999-ல் பழைய வரிசையில், ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழோடு, மறுபடி அடித்து வெளியிட்டார்கள்.

இதில் யோசிக்க வைப்பது ஒன்று உண்டு. மொரீஷியஸ் தமிழர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது தமிழ் அல்ல, கிரியோல். அந்த வரியை எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாதவர்களும் அதற்காகப் போராடியிருப்பார்கள். படிக்கத் தெரியாத வரிக்கு எதற்கு இவ்வளவு சண்டை என்று சிரிப்பது எளிது. ஆனால் தாத்தாவின் தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார் என்றே தெரியாதவனுக்கு, தான் யார் என்று அரசாங்கமே அச்சடித்துக் கொடுத்த சாட்சி அந்த ஒரு வரிதான். அதை ஒரு படி இறக்கினால் வலிக்காதா? தைப்பூசத்துக்கு அங்கே அரசு விடுமுறை உண்டு, காவடியும் எடுக்கிறார்கள். மொழி நாக்கிலிருந்து போன பிறகும் இப்படிச் சில இடங்களில் தங்கிவிடுகிறது.

பெயர்களிலும்தான். அங்கே நூறு ரூபாய் நோட்டில் இருப்பவர் ரெங்கநாதென் சீனிவாசென். வழக்கறிஞர், அரசியல்வாதி. நாடு சுதந்திரம் பெற்றது 1968-ல், அவர் 1958-லேயே இறந்துவிட்டார். பெயரை அவர்கள் ஊர் எழுத்துக்கூட்டலில் பார்த்தால் ஏதோ ஐரோப்பியர் என்று நினைக்கத் தோன்றும். வாய்விட்டுப் படித்தால் நம்ம ஊர் ரெங்கநாதன் சீனிவாசன்! அதேபோல அங்கே 'மூத்தூ' என்று ஒரு குடும்பப் பெயர் கண்ணில் பட்டால் குழம்ப வேண்டாம், அது நம்ம முத்துதான்.

அடுத்த க்விஸில் யாராவது நான்காவது நாட்டைக் கேட்டால், பாதி மதிப்பெண்ணை இங்கே அனுப்பிவிடுங்கள் :-)