அங்காடியும் அதன் வாசலும்

வீட்டைக் கட்டிப்பார் என்று நம் முன்னோர் அறைகூவி வைத்தனர். கட்டி முடித்த பின்னர்தான் வீடு தன் சுயரூபத்தைக் காட்டத் தொடங்கும் என்பதை ஏனோ சொல்லாமல் விட்டுவிட்டனர். ஓடு நழுவும், குழாய் ஒழுகும், மழைக்காலத்தில் பருத்த கதவு கோடையில் சுருங்கும், சுவரில் மயிரிழைபோல் ஓடிய கீறல் ஒருநாள் விரல் நுழையும் வெடிப்பாகும். உடம்புக்கு நோய் வருவதுபோல் வீட்டுக்கும் வரும். அந்நோய்க்கு ஒரு சமுதாயம் எங்கே மருந்து தேடுகிறது என்பதைக் கவனித்தால், கையுழைப்பை அது எவ்வாறு மதிக்கிறது என்பதும் புலனாகிவிடும்.

நம் ஊர்களில் இதற்கொரு முறை உண்டு. முதலில் ஆளைத் தேடுவோம். பிறகுதான் பொருளைத் தேடுவோம். கொத்தனாரோ தச்சரோ வந்து பார்த்து, தலையை ஆட்டி, துண்டுக்காகிதத்தில் ஒரு பட்டியல் எழுதித் தருவார். அதை எடுத்துக்கொண்டு இரும்புக்கடைக்குப் போனால், கடைக்காரர் நம்மிடம் கேட்கும் முதற்கேள்வி, "வேலைக்கு யாரை வைத்திருக்கிறீர்கள்?" என்பதாகவே இருக்கும். பெயரைச் சொன்னதும் எந்த ஆணி, எத்தனை நூல் கனத்தில் திருகு என்பதெல்லாம் அவருக்கு விளங்கிவிடும். மெட்ரிக் அளவை முறைக்கு நம் நாடு 1956-இல் சட்டம் இயற்றிற்று. ஆயினும் தச்சரின் நாவில் இன்றும் அடியும் அங்குலமும் நூலுமே வாழ்கின்றன. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். எவ்வளவு அழகான சொல்!

இந்த முறையிலேயே பழகிய நான், 2024-ஆம் ஆண்டின் இளவேனிலில் என் மகள் குடும்பத்தோடு சில மாதங்கள் தங்குவதற்காக லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குச் சென்றிருந்தேன். அவர்கள் வாங்கியிருந்தது 1950-களில் கட்டப்பட்ட பழைய வீடு. நான் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாளே குளியலறைக் குழாய் சொட்டத் தொடங்கியது. "ஆளை வரச்சொல்லலாமே" என்றேன். மருமகன் சிரித்தார். "மாமா, இங்கே ஆள் வந்து வாசலில் நின்றாலே நூறு டாலர் போய்விடும். கடைக்குப் போவோம், வாருங்கள்" என்றார்.

அவர் அழைத்துச் சென்ற இடத்தைக் கடை என்று சொல்ல என் நா எழவில்லை. ஹோம் டிப்போ என்று பெயர். அந்நிறுவனத்தின் அங்காடி ஒன்றின் பரப்பு சராசரியாக ஒரு லட்சம் சதுர அடிக்கும் சற்று மேல். ரயில் நிலையக் கூரைபோல் உயர்ந்த முகடு. அதன் கீழ் எண்ணிட்ட நெடும் பாதைகள். இருபுறமும் அண்ணாந்து பார்க்கவேண்டிய இரும்புத் தட்டுகள். கைக்கெட்டும் உயரத்தில் விற்பனைச் சரக்கு. அதற்குமேல் முகடு வரையில் இருப்புச் சரக்கு. கிடங்கும் கடையும் ஒன்றேயான இந்த ஏற்பாட்டினால் இடைத்தரகுச் செலவு குறைகிறது, விலையும் குறைகிறது. ஓரிடத்தில் மரம் அறுத்துத் தருகிறார்கள். இன்னோரிடத்தில் நாம் கொண்டுபோகும் சுண்ணச் சில்லின் நிறத்தைக் கருவி ஒன்று படித்தறிய, அதே நிறத்தில் வண்ணம் கலந்து கொடுக்கிறார்கள். வாங்கியது பொருந்தாவிடில், பெரும்பாலான பொருள்களை 90 நாள்களுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற பலகையின் கீழேயே வளர்ந்த எனக்கு, இது வாணிகமா வள்ளன்மையா என்று ஐயம் தோன்றியது.

இதன் பிறப்புக் கதை சுவையானது. பெர்னார்ட் மார்கஸ், ஆர்தர் பிளாங்க் என்னும் இருவரும் தாம் பணியாற்றிய வேறொரு நிறுவனத்திலிருந்து 1978-இல் வெளியேற்றப்பட்டனர். வேலை இழந்தவர்கள் சோர்ந்து உட்காராமல், 1979 ஜூன் 22 அன்று அட்லாண்டா நகரில் இரண்டு அங்காடிகளைத் திறந்தனர். அவ்வளவு பெரிய கட்டடத்தை நிரப்பக் கையில் சரக்கில்லை. வெற்றுப் பெட்டிகளையும் வெற்று வண்ணக் குவளைகளையும் மேல்தட்டுகளில் அடுக்கி, நிறைந்த கடையாகத் தோன்றச் செய்தார்களாம். அன்று வெற்றுப் பெட்டியில் தொடங்கிய நிறுவனம், இன்று அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய மூன்று நாடுகளில் 2,300-க்கும் மேற்பட்ட அங்காடிகளை நடத்துகிறது. மார்கஸ் 2024 நவம்பரில் காலமானார்.

குழாய்ப் பிரிவில் செம்மஞ்சள் நிற முன்கச்சை அணிந்த முதியவர் ஒருவர் நின்றிருந்தார். மருமகன் புதுக்குழாய் ஒன்றைக் கையில் எடுத்திருந்தார். முதியவர் அதை மெல்ல வாங்கித் தட்டிலேயே வைத்துவிட்டு, "வீடு எந்த ஆண்டில் கட்டியது?" என்று கேட்டார். ஆண்டைச் சொன்னதும், நாங்கள் கழற்றிக் கொண்டுபோன பழைய குழாயின் உட்தண்டைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். இழுப்பறை ஒன்றைத் திறந்து, காசு பெறாத ஒரு ரப்பர் வாசரை எடுத்துக் கொடுத்தார். முப்பதாண்டுகள் குழாய் வேலை செய்து ஓய்வுபெற்றவராம். கடல் கடந்து வந்தும் நம்மூர் இரும்புக்கடைக்காரரையே சந்தித்த மகிழ்ச்சி எனக்கு உண்டாயிற்று. அன்று மாலை, மடிக்கணினியன்றி வேறு கருவி தொட்டறியாத என் மருமகன் தம் கையாலேயே வாசரை மாற்றினார். சொட்டு நின்றது. அவர் முகத்தில் தோன்றிய பெருமிதம், பதவி உயர்வு வந்தபோதுகூடத் தோன்றியிருக்காது.

அந்நாட்டில் பேராசிரியரும் மருத்துவரும் ரம்பம் பிடிக்கிறார்கள் என்றால், அவர்கள் நம்மைவிடச் சுறுசுறுப்பானவர்கள் என்பது அதற்குக் காரணமன்று. ஆள் கூலி அதிகம் என்பது ஒன்று. வீட்டின் அமைப்பே அதற்கு இடங்கொடுக்கிறது என்பது மற்றொன்று. நம் வீடு செங்கல்லும் காரையும். அதில் ஒரு துளையிடவும் உளியும் உரமும் வேண்டும். அவர்கள் வீடு மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும். கத்தியால் கீறலாம், திருகாணியால் சேர்க்கலாம். சுவருக்குள் நிற்கும் மரச்சட்டங்களுக்கு இடையே பொதுவாக 16 அங்குலம். ஜிப்சம் பலகையின் அகலம் 48 அங்குலம். ஆகவே மூன்று இடைவெளிக்கு ஒரு பலகை துல்லியமாகப் பொருந்தும். எங்கு வாங்கினும் எவர் வாங்கினும் அளவு ஒன்றே. இந்தப் பொது அளவுதான், தச்சரின் கையிலிருந்த கலையில் ஒரு பாதியைத் தொழிற்சாலைக்கு மாற்றி, மறுபாதியைச் சாமானியன் கைக்குத் தந்தது.

அந்த அளவிலும் ஒரு வேடிக்கை உண்டு. "இரண்டுக்கு நான்கு" என்று அவர்கள் விற்கும் மரச்சட்டத்தை அளந்து பார்த்தால் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலமே இருக்கும். பச்சை மரத்தில் அறுத்த அளவு பெயராக நிற்கிறது. உலர்த்தி இழைத்தபின் எஞ்சுவது சரக்காக வருகிறது. எல்லாருக்கும் தெரிந்தே நிகழ்வதால் இது வஞ்சனையாகாது. ஆயினும், பெயருக்கும் பொருளுக்கும் இடையே அரை அங்குல வேறுபாடு இருந்தால் அதை அறிந்து வாங்குதல் நலம் என்ற பாடம் மனத்தில் பதிந்தது.

அந்தப் பாடம் வேறோரிடத்தில் பயன்பட்டது. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அந்நிறுவனம், "உங்களால் முடியும், நாங்கள் துணை நிற்போம்" என்ற பொருள்பட ஒரு முழக்கத்தை விளம்பரங்களில் வைத்திருந்தது. உன் வீட்டை நீயே செப்பனிடு என்பதே அங்காடியின் வேதாந்தம். ஆனால் அங்காடியை விட்டு வெளியே வந்ததும் நான் கண்டது வேறு. வண்டிகள் நிறுத்தும் திடலின் ஓரத்தில், வெயிலுக்குத் தொப்பியணிந்த இருபது முப்பது பேர் நின்றிருந்தனர். சரக்கேற்றிய வண்டி வெளியேறும் போதெல்லாம் சிலர் ஓடிவந்து, விரலால் தம் நெஞ்சைத் தொட்டுக் காட்டினர். மெக்சிகோ, குவாத்தமாலா முதலிய நாடுகளிலிருந்து வந்த அன்றாடக் கூலிகள். விடியற்காலையில் நம் நகரங்களின் நாற்சந்திகளில் கரணையும் மட்டப்பலகையுமாக நிற்கும் கொத்தனார்களையும், பாண்டு ஏந்திய சித்தாள்களையும் கண்டவர்க்கு அந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது.

அமெரிக்க நாடு முழுவதையும் அளாவிய ஆய்வொன்று 2006-இல் வெளியாயிற்று. அதன்படி, ஏதேனும் ஒரு நாளில் இவ்வாறு வேலை தேடியோ வேலை செய்தோ இருந்தவர் ஏறத்தாழ 1,17,600 பேர். அவர்களைக் கூலிக்கு அழைத்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் வீட்டில் குடியிருப்போரே. முந்தைய இரு மாதங்களில் ஒருமுறையேனும் வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடாமல் ஏமாற்றப்பட்டதாகச் சொன்னவர்களும் ஏறக்குறைய பாதி. "உங்களால் முடியும்" என்ற முழக்கத்தின் உண்மையளவு அங்கேதான் தெரிகிறது. வாசரை மாற்ற நம்மால் முடியும். குழி தோண்டவும் சுமை தூக்கவும் பிறர் கை வேண்டியிருக்கிறது. அந்தக் கையை அங்காடி தன் கூரைக்குள் சேர்ப்பதில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மன்றம் 2008-இல் ஒரு விதி செய்து, இத்தகைய பேரங்காடிகளைப் புதிதாகத் திறப்போர் அக்கூலியாட்களுக்கு நிழலும் குடிநீரும் கழிப்பறையும் அமைக்கவேண்டுமெனக் கேட்க இடம் செய்தது. வாசலில் நிற்பவரும் மனிதரே என்பதைச் சொல்ல ஒரு சட்டம் வேண்டியிருந்தது.

பின்புற வேலியைச் சீர்செய்ய எங்களுக்கு உதவியவர் அந்தத் திடலில் நின்றவர்தாம். மெக்சிகோவின் வஹாகா மாநிலத்தவர். கூலியை முன்னரே பேசி முடித்தோம். மருமகன் விலை கொடுத்து வாங்கிய மின் ரசமட்டத்தை அவர் மரியாதையாக ஒதுக்கி வைத்தார்; நூலொன்றில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுத் தூணின் நேர்மையைப் பார்த்தார். நம் தூக்குக்குண்டேதான்! எனக்கும் அவருக்கும் பொதுமொழி இல்லை. அவர்கள் ஊரில் கைதேர்ந்த கொத்தனாரை மாயெஸ்த்ரோ என்பார்களாம். நாம் மேஸ்திரி என்கிறோம். போர்த்துக்கீசியர் நமக்கு விட்டுச்சென்ற சொல்லும் அந்த மாயெஸ்த்ரோவும் ஒரே வேரிலிருந்து இரு கரைகளில் முளைத்தவை. நான் அவரை மேஸ்திரி என்றேன், அவருக்குப் புரிந்தது. மூன்று நாள்கள் மண் தோண்டியும் காரை குழைத்தும் அவரோடு நின்றேன். உணவு வேளையில் என் மகள் மூவருக்கும் ஒரே தட்டுவரிசையில் பரிமாறினாள். போகும்போது அவர் தம் பிள்ளைகளின் படத்தைக் காட்டினார். ஒன்பது ஆண்டுகளாக அவர்களை நேரில் பார்க்கவில்லை என்பதை விரல்களால் சொன்னார்.

நான் ஊர் திரும்பிய மறு ஆண்டு, 2025 ஜூன் 6 அன்று, குடிவரவுத் துறையின் கூட்டாட்சிக் காவலர்கள் லாஸ் ஏஞ்சல்ஸில் பல இடங்களில் திடீர்ச் சோதனை நடத்தினர். வெஸ்ட்லேக் பகுதியிலுள்ள ஹோம் டிப்போவின் வண்டித்திடல் அவற்றுள் ஒன்று. அந்தக் கோடை முழுதும் அத்தகைய திடல்கள் வேட்டைக்களங்களாயின. ஆகஸ்ட் 14 அன்று மன்ரோவியா நகரின் திடலிலிருந்து தப்பியோடிய குவாத்தமாலா நாட்டவர் ஒருவர், அருகிலிருந்த நெடுஞ்சாலையில் வாகனம் மோதி உயிரிழந்தார். செய்தியைப் படித்ததும் மகளுக்குத் தொலைபேசினேன். "நம் மேஸ்திரி நிற்கும் இடத்தில் இப்போது யாருமில்லை வாப்பா. அவருடைய எண்ணும் அடிப்பதில்லை" என்றாள். அதற்குமேல் இருவரும் பேசவில்லை.

அயல்மண்ணில் பிழைக்கச் சென்றவர் ஒருவரேனும் இல்லாத தெரு நம் ஊர்களில் ஏது? வளைகுடாவின் வெயிலில் பிறர் மாளிகைக்குச் செங்கல் சுமந்தவர்களின் பணத்தில்தான் நம் வீடுகள் பல எழுந்தன. ஆகவே அந்தத் திடலில் நின்றவரின் துயரம் நமக்கு மொழிபெயர்ப்பு வேண்டாத துயரம். நம் நாற்சந்திகளில் நிற்பவர்களும் இன்று பலர் பிற மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். கட்டுமானத் தொழிலாளர்க்கென நல வாரியம் ஒன்றைத் தமிழகம் 1994-இலேயே அமைத்தது. நம் வீட்டில் வேலை செய்பவர் அதில் பதிவு செய்திருக்கிறாரா என்று நம்மில் எத்தனைபேர் கேட்டிருப்போம்?

பேரங்காடிகள் நம் நகரங்களையும் நோக்கி வந்துகொண்டிருக்கின்றன. வரட்டும், அவை தரும் ஒழுங்கான அளவையும், பொருந்தாததைத் திருப்பிப் பெறும் நேர்மையையும், தன் வீட்டைத் தானே செப்பனிடும் தன்மானத்தையும் நாம் மனமார ஏற்கலாம். ஆனால் விலைச்சீட்டில் இடம்பெறாத ஒன்றும் ஒவ்வொரு வீட்டிலும் கலந்திருக்கிறது. தூண் நேராக நிற்கிறதென்றால், யாரோ ஒருவர் நூலில் கல்லைக் கட்டி, மூச்சை அடக்கி, அது ஆடாமல் நிற்கும் வரை பொறுமையாகப் பார்த்திருக்கிறார். அவர் பெயரையேனும் நாம் தெரிந்து வைத்திருக்கவேண்டும்.