ஆற்று மணலில் ஒரு முகமூடி

திருநெல்வேலிக்கு எஸ்டிடி கோடு 0462. பழைய கடைப் பலகையில் இந்த எண்ணைப் பார்த்தால் எனக்குத் தொலைபேசி ஞாபகம் வருவதில்லை. கயிற்றைப் பிடித்துத் தொங்கி, இரண்டு காலையும் சுழற்றி என் முகத்துக்கு நேரே வீசும் குட்டியண்ணன்தான் வருகிறான்.

அந்த உதைக்கு உலகம் முழுக்க 619 என்று பெயர். ரே மிஸ்டீரியோவின் உதை. எதிராளி நடுக்கயிற்றில் கவிழ்ந்து கிடப்பான். இவர் எதிர்ப்பக்கம் ஓடித் திரும்பி வந்து, மேல்கயிற்றையும் நடுக்கயிற்றையும் பிடித்து, இடைவெளியில் காலைச் சுழற்றி முகத்தில் விடுவார். 619 என்பது சான் டியாகோவின் தொலைபேசி கோடு என்று எங்களுக்குச் சொன்னவர், பஜாரில் எஸ்டிடி பூத் வைத்திருந்த மாமா. மறுநாளே குட்டியண்ணன் தீர்ப்புச் சொல்லிவிட்டான்: "ஏல, அது அவன் ஊரு நம்பரு. நம்ம அடிக்கு 0462."

சுத்தமல்லி அணைக்கட்டுக்குக் கிழக்கே, தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர். முழுப்பரீட்சை லீவு விட்டால் ஆறு ஒரு ஓரமாக ஒதுங்கி ஓடும். மிச்சமெல்லாம் மணல். காலை பத்து மணிக்கே கால் சுடும். மேல்மணலைக் கையால் ஒதுக்கினால் உள்ளே ஈரம் குளுகுளுவென்று இருக்கும். இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஊற்று. படித்துறையின் மூன்றாம் படியிலிருந்து தலைகுப்புற விழலாம். எலும்புக்கு ஒன்றும் ஆகாது, வாய்க்குள் மட்டும் மணல் போகும். மருத மரத்துக்கும் கல்மண்டபத் தூணுக்கும் நடுவில் தேங்காய் நார்க்கயிறு இரண்டு வரிசை கட்டுவோம். எங்கள் ரிங்குக்கு ஒரு பக்கம்தான் கயிறு. மற்ற மூன்று பக்கமும் மணலில் காலால் கிழித்த கோடு.

2002, 2003 வாக்கில் ஊருக்குள் கேபிளில் டென் ஸ்போர்ட்ஸ் வந்தது. மாமா வீட்டுத் திண்ணை வரைக்கும் பிள்ளைகள் உட்கார்ந்திருப்போம். ஆங்கில வர்ணனை ஒரு சொல்லும் புரியாது, புரியவேண்டிய தேவையும் இருக்கவில்லை. பெட்டிக்கடையில் மல்யுத்த வீரர்களின் அட்டைக்கட்டு விற்றது. உயரம், எடை, மார்பு, ரேங்க் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஆடுகிற ஆட்டம். மிஸ்டீரியோவின் அட்டை யார் கையில் விழுந்தாலும் முகம் சுண்டிப்போகும். ஐந்தடி ஆறு அங்குலம்தான் அவர். ஆறே முக்கால் அடி, ஏழடி ஆட்களுக்கு நடுவில் எந்தக் கேள்வியிலும் தோற்கும் அட்டை. அதைப் போய் குட்டியண்ணன் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டான். பெரியப்பா மகன், என்னைவிட மூன்று வயது மூத்தவன், என்னைவிடக் குள்ளம். கரும்பலகையின் மேல்பாதி அவனுக்கு எட்டாது.

அவன் முகமூடி ஒரு பழைய குரங்குக் குல்லா. கண்ணைச் சுற்றி வெள்ளைப் பெயின்ட், நெற்றியில் பெரியம்மா ஊசியால் தைத்துக்கொடுத்த சிலுவை மாதிரியான கோடு. சித்திரை வெயிலில் கம்பளிக் குல்லாவோடு நிற்பான். கழற்றுடா என்றால் கழற்றமாட்டான்.

ஏன் கழற்றக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. பெரியப்பா குலசேகரன்பட்டினம் தசராவுக்குக் காளி வேஷம் கட்டுகிறவர். அவருக்கு முன்னால் தாத்தா கட்டினார். நாற்பத்தோரு நாள் விரதம். வேஷம் கட்டிவிட்டால் பெரியம்மாகூட அவரை "அம்மா" என்றுதான் கூப்பிடுவாள். சடைமுடியும் கோரைப்பல்லுமாக வீடு வீடாகக் காணிக்கை வாங்கி, பத்தாம் நாள் முத்தாரம்மன் கோயிலில் சேர்த்து, சூரசம்ஹாரம் முடிந்து கடற்கரையிலிருந்து திரும்பும்வரை அவர் பெரியப்பா இல்லை. மெக்சிகோ மல்யுத்தத்திலும் முகமூடிக்கு அப்படியொரு கட்டு உண்டு என்று பிற்பாடு படித்தபோது எனக்கு வியப்பே வரவில்லை. எல் சாந்தோ என்று ஒரு வீரர். 1942-ல் வெள்ளி முகமூடியைப் போட்டவர், 1984-ல் இறந்தபோது அதோடுதான் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய கடைசி மகனும் அதே வெள்ளி முகமூடியோடு களத்தில் இறங்கினார்.

மிஸ்டீரியோவின் பெயரும் அப்படிக் குடும்பத்தில் இறங்கி வந்ததுதான். 1974-ல் அமெரிக்க எல்லைக்கு இந்தப் பக்கம் சூலா விஸ்டாவில் பிறந்த ஆஸ்கர் குட்டியெரஸ் என்ற பையனை, எல்லைக்கு அந்தப் பக்கம் திஹுவானாவில் வைத்துப் பழக்கியவர் ரே மிஸ்டீரியோ என்ற மூத்தவர். உறவைச் சொல்லும் ஆங்கிலச் சொல்லை வைத்து மாமாவா சித்தப்பாவா என்று கண்டுபிடிக்க முடியாது. நாங்கள் மாமா என்றே வைத்துக்கொண்டோம். பதினான்கு வயதில், 1989-ல் பையன் களமிறங்கினான். முதலில் "பச்சைப் பல்லி" என்ற பெயர், பிறகு தேன்சிட்டு. மாமா தன் பெயரையே கொடுத்தது அதற்கப்புறம். 1999-ல் அமெரிக்காவில் ஒரு பந்தயத்தில் தோற்கவைத்து அந்த முகமூடியைக் கழற்றவைத்தார்கள். அவருக்கு அதில் துளியும் விருப்பமில்லை. மூன்று வருஷம் வெறும் முகத்தோடு ஆடி, 2002-ல் மறுபடி முகமூடியோடு வந்தார். நாங்கள் பார்த்தது அந்த இரண்டாம் வருகையைத்தான்.

2005 ஆகஸ்டில் எங்கள் தெருவே இரண்டாகப் பிரிந்தது. மிஸ்டீரியோவின் மகன் டொமினிக்குக்கு எட்டு வயது. அந்தப் பிள்ளை தன்னுடையது என்று எடி கெரேரோ சொல்கிறார். வளர்க்கும் உரிமைப் பத்திரத்தை ஒரு பெட்டியில் வைத்து ரிங்குக்கு மேலே தொங்கவிட்டார்கள், ஏணி போட்டு ஏறி எடுப்பவருக்குப் பிள்ளை. அத்தை முறத்தை அப்படியே வைத்துவிட்டு வந்து, "ஏ, பெத்த பிள்ளைய இப்படியா பங்கு வைப்பாக? ஊர்ல பெரியவங்க யாருமில்லையா?" என்று கேட்டாள். மிஸ்டீரியோ பெட்டியை எடுத்த அன்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதே வருஷம் நவம்பர் 13-ல் எடி கெரேரோ நிஜமாகவே இறந்துபோனார். அவரும் மல்யுத்தக் குடும்பம். அவர் அப்பா கோரி கெரேரோ, எல் சாந்தோவோடு ஜோடி சேர்ந்து ஆடியவர். மறு ஜனவரியில் முப்பது பேர் இறங்கும் போட்டியில் இரண்டாவது ஆளாக வந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்து, மிஸ்டீரியோ ஜெயித்தார். ஜெயித்ததை எடிக்குக் கொடுத்தார். ஏப்ரல் 2-ம் தேதி உலகப் பட்டம். அந்த லீவு முழுக்கக் குட்டியண்ணனை யாரும் தோற்கடிக்கவில்லை. தோற்கடிக்க எங்களுக்கு மனசு வரவில்லை.

எல்லாம் முன்கூட்டிப் பேசிவைத்த ஆட்டம் என்று கல்லூரியில் படித்த பக்கத்து வீட்டு அண்ணன் ஒருநாள் படித்துறையில் வைத்துச் சொன்னார். நான் அழுதேன். குட்டியண்ணன் குல்லாவைக் கழற்றாமலே, "எங்கப்பா கட்டுறதும் வேஷந்தான். போய் அது பொய்யின்னு சொல்லிப் பாருங்க" என்றான். அவன் சொன்னதே சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். யார் ஜெயிப்பது என்று பேசிவைக்கலாம். விழுவதைப் பேசிவைக்க முடியாது. மிஸ்டீரியோவின் முழங்காலில் எத்தனை அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது!

நாங்கள் விழுந்தது மணலில். அந்த மணல் லாரி லாரியாகப் போய்க்கொண்டிருந்ததும் அதே வருஷங்களில்தான். இரவில் ஹெட்லைட் வெளிச்சம் தென்னந்தோப்புக்குள் ஏறி இறங்கும். காலையில் எங்கள் ரிங் இருந்த இடத்தில் டயர்த் தடமும் பள்ளமும் கிடக்கும். நாங்கள் கொஞ்சம் கீழே தள்ளிப்போய் வேறு கோடு கிழித்துக்கொள்வோம். அப்படித் தள்ளித் தள்ளிப் போனதுதானே தவிர, ஒரு பெரியவரிடம்கூடச் சொல்லவில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த தோழர் நல்லகண்ணு 2010-ல் மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் தாமே நின்று வாதாடி, தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை வாங்கினார். எங்கள் படித்துறைக்கு எதிரே அதற்குள் மணல் தீர்ந்திருந்தது.

குட்டியண்ணன் மஸ்கட்டுக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. 2021-ல் மிஸ்டீரியோவும் டொமினிக்கும் அப்பா மகனாகச் சேர்ந்து ஜோடிப் பட்டம் வாங்கியபோது போன் பண்ணினான். மறு வருஷம் மகன் அப்பாவையே அடித்தபோதும் பண்ணினான், அது ஆட்டத்துக்காக என்று தெரிந்திருந்தும் குரல் கம்மியிருந்தது. 2024 டிசம்பர் 20-ல் மிஸ்டீரியோவின் மாமா இறந்த செய்தி வந்த இரவு, "மாமா போயிட்டாருல" என்றான். எந்த மாமா என்று நான் கேட்கவில்லை.

போன தசராவுக்கு வந்திருந்தான். பெரியப்பாவுக்கு உடம்பு முடியாததால் காப்புக் கட்டிக் காளி வேஷம் எடுத்தது அவன்தான். எல்லாம் முடிந்து மறுநாள் தன் மகனை ஆற்றுக்குக் கூட்டிப்போனான், நானும் போனேன். 2023 டிசம்பர் வெள்ளம் படித்துறையின் கீழ்ப் படிகளைப் புரட்டிப் போட்டிருந்தது. மருத மரம் நிற்கிறது. மூன்றாம் படியிலிருந்து குதிக்கப் போன மகனை அண்ணன் கையைப் பிடித்து நிறுத்தினான். கீழே பாறையும் கருவேல முள்ளும்.

ஆற்றில் மணல் இன்னும் மிஞ்சியிருக்கிற ஊர்க்காரர்களே, அதை ஒரு கைப்பிடிகூட அள்ள விடாதீர்கள். இந்த லீவில் உங்கள் பிள்ளைகள் அதில் விழுந்து எழட்டும்.